‘என்ன பிள்ளை, சிஸ்டர்?’ குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் பிரசவ வார்டு டாக்டர்களுக்கும் வணக்கம்.

31 வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில்தான் போனது. உங்களை ‘சார்’, ‘மேடம்’ என்று கூப்பிட்டே பழகிய வாய் இது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. இந்த மடலிலும் அந்தப் பழக்கம் அங்கங்கே எட்டிப் பார்க்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று பார்த்ததும் சொல்ல முடியாத உடம்போடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு, உறுப்பைத் ‘திருத்த’ அவசரமாகச் செய்யும் ஆபரேஷனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிரசவ வார்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் எங்கள் பக்கத்தில் காதில் விழும் முதல் கேள்வி, “என்ன பிள்ளை, சிஸ்டர்?” என்பதுதான். தாய் எப்படி இருக்கிறாள் என்பது அதற்கு அப்புறம். அந்தக் கேள்வியின் பதிலுக்கு ரேட் இருந்த காலமும் உண்டு. ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் அதில் பாதி என்று ஆயாக்கள் கை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன், பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

1994-ல் ஒரு விடியற்காலை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சொந்தத் தாய்மாமனைக் கட்டிய பெண். இரண்டாவது பிரசவம். பிள்ளை நன்றாக அழுதது, நல்ல எடை, நல்ல நிறம். துடைத்துத் திருப்பிய டாக்டர் மேடம் டார்ச்சைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் பிடித்தேன். பார்த்தால் பையன் மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் விதைகள் கைக்குத் தட்டுப்படவில்லை. மூத்திரத் துவாரமும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பிறப்புக் குறிப்பில் ‘பால்’ என்ற இடத்தை மேடம் காலியாக விட்டார். வெளியே வந்தேன். மாமியார் ஆச்சி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். “தாயும் பிள்ளையும் சுகம் ஆச்சி” என்றேன். “அது சரி, என்ன பிள்ளை?” மூன்று நாள் இப்படியே ஓடியது.

அந்த மூன்று நாளும் எல்லோருக்கும் அவசரம். ஆச்சிக்கு ஊருக்குச் சொல்லியாக வேண்டும். தகப்பனுக்கு ஜாதகம் எழுத வேண்டும். எங்களுக்கு ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருப்பது உறுத்தல். உண்மையான அவசரம் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. “மூத்த பிள்ளை பையன், சிஸ்டர். பதினாறாம் நாள் வாந்தியா எடுத்து, சுருண்டு போயிட்டான். சீர் தட்டிருச்சு, தோஷம்னாங்க” என்று அந்தத் தாய் எங்களிடம் சொல்லியும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பதினோராம் நாள் இந்தப் பிள்ளையும் வாந்தி எடுக்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்று குழந்தைகள் வார்டில் டியூட்டியில் இருந்தவர், மேற்படிப்பு முடித்துப் புதிதாக வந்த இளம் டாக்டர். ரத்தத்தில் உப்பு தரைதட்டிக் கிடக்க, பொட்டாசியம் எகிறியிருந்தது. அவர் பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சிஸ்டர், இதை முதல் நாளே யோசிச்சிருக்கணும்” என்றார். சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஏறியது. பிள்ளை பிழைத்தது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தால், உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாமல் மூத்திரத்தில் விட்டுவிடும். கூடவே ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். கருப்பையும் சினைப்பையும் உள்ளே இருக்கிற பெண் சிசுவுக்கு வெளியுறுப்பு ஆண் சாயலில் வளர்வது அதனால்தான். ஆண் சிசுவாக இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாந்தி எடுத்துச் சாகும்போதும் காரணம் தெரியாது. அந்த மூத்த பையனும் அப்படித்தான் போயிருப்பான் என்று நினைக்கிறேன். தாயும் தகப்பனும் இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமனும் அத்தை மகளுமாகக் கட்டிக்கொள்ளும் நம் ஊரில் இது அபூர்வம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைப் பரிசோதித்ததில், மும்பையில் சுமார் 10,000-க்கு ஒரு குழந்தைக்கு இது இருந்தது. சென்னையில் சுமார் 2,000-க்கு ஒன்று.

ஆக, அவசரம் உப்புக்குத்தான். உருவத்துக்கு ஒரு அவசரமும் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பிழைத்த பிள்ளைக்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். குரோமோசோம் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பி, முடிவு வர ஒரு மாதம் ஆனது. பெண் என்று வந்தது. ஸ்கேனில் கருப்பை தெரிந்தது. பேர் வைத்தார்கள், கம்மல் போட்டார்கள், மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலந்து கொடுத்தார்கள். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, எந்தக் குறையும் இல்லை. பதினான்கு மாதத்தில் ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ‘சரி செய்துவிடலாம்’ என்றார்கள். அந்தத் தாய் என்னிடம் வந்து கேட்டாள்: “செய்யலாமா, சிஸ்டர்?” நான் சொன்னேன்: “டாக்டர் சொன்னா செஞ்சிடுங்கம்மா. சின்ன வயசுல செஞ்சா ஞாபகமே இருக்காது.” ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தில் தகப்பன் கைநாட்டு வைத்தார்.

அந்தப் பிள்ளை இருபத்து நான்கு வயதில் என்னைத் தேடி வந்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். வடையோடு வந்த ஊறுகாயை மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டாள். உப்பு அப்படி இழுக்கும் அந்த உடம்பை. பிறகு சொன்னாள். சிறுவயதில் வைத்த தையல் சுருங்கிப்போய், பதின்மூன்று வயதில் மறுபடியும் ஒரு ஆபரேஷன். இடையில் எத்தனையோ முறை மூத்திரத் தொற்று. வெட்டிய இடத்தில் தொட்டால் எதுவும் தெரிவதில்லை. ஒவ்வொரு செக்கப்பிலும் மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து, போர்வையை விலக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகமே இருக்காது என்று நான் சொல்லியிருந்தேன், பாருங்கள்.

“என்னைப் பொண்ணாக்கிட்டாங்கன்னு நான் சொல்ல வரல, சிஸ்டர். நான் பொண்ணுதான். எனக்கு அதுல சந்தேகமே வந்ததில்ல. அப்புறம் எதுக்கு வெட்டினாங்க?” என்று கேட்டாள்.

‘பெண் பிள்ளைக்குத் திருத்தம்தானே செய்கிறோம்’ என்று உங்களில் பலர் சொல்லும் வாதத்துக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. 2019 ஏப்ரல் 22-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். வழக்கு என்னவோ தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றித்தான். நீதிபதி அதோடு நிறுத்தவில்லை. மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் போன்ற செயற்பாட்டாளர்கள் எழுப்பி வந்த பிரச்சினையைக் கையில் எடுத்து, ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையையும் தடை செய்யச் சொன்னார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று தெளிவாகச் சொன்னார். அதே வருடம் ஆகஸ்ட் 13-ல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் அரசாணை 355 வந்தது. உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய, ஊடுபால் சிசுக்களுக்கும் குழந்தைகளுக்கும் பாலின மாற்று அறுவை சிகிச்சை கூடாது. ஆபத்து இருக்கிறதா என்று முடிவு செய்ய ஒரு குழு: குழந்தை அறுவை அல்லது சிறுநீரக அறுவை நிபுணர் ஒருவர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவர், சமூகப் பணியாளரோ உளவியலாளரோ ஊடுபால் செயற்பாட்டாளரோ ஒருவர், சார்புச் செயலாளர் நிலைக்குக் குறையாத அரசு அதிகாரி ஒருவர். இந்தியாவில் முதன்முதலில் இப்படி ஆணை போட்ட மாநிலம் நம்முடையது. எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் சார், ‘பாலின மாற்று’ என்ற அந்தச் சொல்லில் ஒரு சந்து இருக்கிறது. “நாங்கள் பாலினத்தை மாற்றவில்லையே. பெண் குழந்தையின் உறுப்பைப் பெண் உறுப்பாகத் திருத்துகிறோம், அவ்வளவுதான்” என்று ஒரு டாக்டர் என்னிடமே சொன்னார். நல்ல மனிதர், கைராசிக்காரர், ஏழைகளிடம் காசு வாங்க மாட்டார். நான் இன்றும் மதிக்கிற ஆள். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த உப்புக் குறைபாட்டோடு பிறக்கும் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்ணாகவே வாழ்கிறார்கள். டீக்கடையில் அந்தப் பெண் கேட்டதும் அதைத்தானே? பெண்தான் என்று தெரிந்த பிறகும் எதற்காகக் கத்தி?

இதற்கு நான் கேட்ட பதில்கள் எல்லாம் வீட்டையும் ஊரையும் பற்றியவை. குளிப்பாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். ஹாஸ்டலில் கேலி செய்வார்கள். நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா. இவற்றை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைக் குப்பைத்தொட்டியில் விட்டுப்போன குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். பயம் நிஜம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணுக்கு மருந்து குழந்தையின் உடம்பில் இல்லை. அந்தத் தாயோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் இல்லாததால்தான் தியேட்டருக்குத் தேதி குறிக்கிறோம். பேசுவதைவிட வெட்டுவது நமக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. ‘நமக்கு’ என்றுதான் சொல்கிறேன், நானும் அந்தத் தட்டில் கத்தரி எடுத்து வைத்தவள்தான்.

சின்ன வயதில் செய்தால் சீக்கிரம் ஆறும் என்பதும் ஒரு வாதம். ஆறலாம், ஆனால் வளராதே. ஒரு வயதில் தைத்த பாதை பருவ வயதில் போதாமல் போய் மறுபடி திறந்த கதைகள் உங்கள் ஃபைல்களில் இருக்கும். நரம்பு போனால் போனதுதான்.

இந்த அவசரத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மணி என்ற உளவியலாளர், இரண்டு வயதுக்குள் உறுப்பைத் திருத்தி எப்படி வளர்க்கிறோமோ குழந்தை அப்படியே ஆகிவிடும் என்றார். அதற்குப் பெரிய சாட்சியாக அவர் காட்டியது கனடாவின் வின்னிபெக்கில் பிறந்த ஒரு பையனை. ஊடுபால் குழந்தைகூட இல்லை, இரட்டையரில் ஒருவன். 1966-ல் சுன்னத்தில் நடந்த விபத்தில் ஆண்குறியை இழந்தவன். அவனைப் பெண்ணாக வளர்க்கச் சொன்னார், வெற்றி என்று எழுதினார், உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பையனோ பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழ ஆரம்பித்துவிட்டான். டேவிட் ரைமர் என்று பேர் வைத்துக்கொண்டான். இது மருத்துவ உலகத்துக்கு வெளிச்சமானது 1997-ல். 2004-ல், 38 வயதில், அவன் தற்கொலை செய்துகொண்டான். சாட்சி போய்விட்டது, பாடம் மட்டும் வார்டுகளில் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது.

எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். சில பிள்ளைகள் பெண் என்றே வளர்ந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் குரல் உடைந்து, ஆணாகத் தோள் அகல்கிறார்கள். ஆண் ஹார்மோனை வீரியமாக்கும் ஒரு நொதி குறைந்ததால் வருவது அது. அவர்களில் நிறையப் பேர் பிறகு ஆணாகவே வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளையைத் தொட்டிலில் இருக்கும்போதே ‘சரி செய்து’ பெண்ணாக்கியிருந்தால், பதின்மூன்று வயதில் யார் போய் என்ன சொல்வது?

மூத்திரம் போக வழி இல்லாமல் அடைத்திருந்தால் செய்யுங்கள். மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே வந்து பிறந்தால் செய்யுங்கள். புற்றாக மாறும் ஆபத்து நிஜமாகவே அதிகமுள்ள சுரப்பி என்றால், குழு பார்த்து முடிவு செய்யட்டும். இவற்றை யாரும் தடுக்கவில்லை. பார்வைக்கு ‘ஒழுங்காக’ இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அதை ‘திருத்தம்’ என்ற பேரில் ஆணைக்கு வெளியே வைக்காதீர்கள். மால்டா 2015-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. 2020-ல் சிகாகோவில் ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனை, தான் முன்பு செய்த இந்த ஆபரேஷன்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நம் மருத்துவமனைகளை நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதற்கு நாள் ஆகும் என்று தெரியும்.

அதற்குள் செய்யக்கூடியவை இருக்கின்றன. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உப்புக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எல்லாப் பிரசவ மருத்துவமனையிலும், ஞாயிற்றுக்கிழமை பிறக்கிற பிள்ளைக்கும் நடக்கட்டும். உப்பைப் பிடித்து வைக்கும் அந்த மாத்திரைக்காக ஒரு தகப்பன் ஊர் ஊராக மருந்துக்கடை ஏறி இறங்கக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எப்போதும் இருப்பு இருக்கட்டும். 355-ம் ஆணை சொல்லும் குழுவை எப்படிக் கூப்பிடுவது என்று பிரசவ வார்டுச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தாய்ப்பால் வாரத்துக்கும் கை கழுவும் முறைக்கும் போஸ்டர் ஒட்டுகிற சுவர்தானே.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதை யாரும் கத்திக்குக் காரணமாகச் சொல்ல வேண்டாம். பரிசோதனை முடிவை வைத்து ஆண் என்றோ பெண் என்றோ பதிந்து வளர்க்கலாம். பின்னால் மாற வேண்டியிருந்தால் ஆபீசுக்கு நாலு நடை நடக்க வேண்டும், அவ்வளவுதான். பேர் பின்னால்கூடச் சேர்க்கலாம். நம் மொழியிலும் இதற்குத் தோதாக ஒரு வழி இருக்கிறது. குழந்தை அழுகிறது, குழந்தை சிரிக்கிறது என்றுதான் சொல்கிறோம். அழுகிறான், அழுகிறாள் என்று சொல்லாமலே ஒரு வருடம் ஓட்டிவிடலாம். பொம்பளைப் பிள்ளையை ‘வாப்பா, என் ராசா’ என்போம், பையனை ‘எங்கம்மால்ல’ என்று கொஞ்சுவோம். “என்ன பிள்ளை?” என்று கேட்ட அந்த ஆச்சியே, பெண் என்று முடிவு வருவதற்கு முன்பு ஒரு மாதம் அதை ‘என் தங்கம்’ என்று மடியில் போட்டுக்கொண்டிருந்தவர்தான். காத்திருக்க முடியாதவர் ஒருவரும் அந்த வீட்டில் இல்லை.

இன்னும் ஒன்று, இது கடைசி. செய்ததை மறைக்காதீர்கள். அந்தப் பெண் என்னைத் தேடி வந்தது பழைய உறவைப் புதுப்பிக்க இல்லை; காகிதத்துக்காக. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் ஷீட்டுகளை அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். என்ன எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எதற்காக என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா இறந்துவிட்டாள். அப்பாவிடம் கேட்க முடியாது. “உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை எழுதித் தர்றீங்களா, சிஸ்டர்? நான் பிறந்த அன்னைக்கு யாரு இருந்தா, என்ன பார்த்தீங்க, எல்லாம்” என்றாள்.

டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, என் பையில் இருந்த டியூட்டி நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். டார்ச் பிடித்ததிலிருந்து எழுதினேன். மூத்தவன் பதினாறாம் நாள் போனதை எழுதினேன். அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அவள் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்து, மாத்திரை டப்பா இருந்த சின்னப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்